குழந்தைக்காக என்று சொன்னது

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் அவன். கடையின் முன்பக்கம் விளக்கும் அலமாரியும் சிரித்த முகங்களுமாக இருக்கும். ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால், ஈர மேசை, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் சாணைக்கல், வெள்ளைச் சேறு படிந்த தொட்டி என்று பின்பக்கம் முழுக்க அவன் ராஜ்யம். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு விட்டு, ஃபிரேமின் உள்பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். மேடு கொஞ்சம் கூடினால் உட்காராது, குறைந்தால் நிற்காது. பதினாறு வருஷத்துக் கை. முதலாளிக்குக் கோபம் வந்தால் முன்பக்கத்து ஆட்களைத்தான் திட்டுவார். தடுப்பைத் தாண்டி அவர் குரல் வந்ததே இல்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. இரண்டு வருஷம், வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அதற்குள் ஆள் பாதியாகிவிட்டான். கடைசியில் ஒன்றைக் கொடுத்தது அவனுடைய அக்கா. நகல் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள், அவனைவிட ஏழு வயது பெரியவள். அவள் புருஷன் வீட்டுக்குள் குதி குதி என்று குதித்தார். ‘ரெண்டு பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு இது தேவையா?’ என்று கேட்டார். அக்கா அசையவில்லை.

“எங்கிட்ட ரெண்டு இருக்கு. அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. தண்ணீர் இவ்வளவு குடி, மாத்திரை ஒன்பது மணிக்கு ஒன்பது மணி தவறாதே, கூட்டத்தில் போகாதே, பாதி வெந்ததைத் தின்னாதே என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு நீளப் பட்டியல் கொடுத்தாள். படுக்கையைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. அவனும் கேட்கவில்லை.

டயாலிசிஸ் நாட்களில் அந்த நினைப்பே செத்துக் கிடந்தது. ஒரு நாள் இயந்திரத்தோடு கட்டிக் கிடந்து, மறுநாள் அந்தக் களைப்பைத் தூங்கித் தீர்க்கிற உடம்புக்கு வேறு எதுவும் தோன்றாது. சிகிச்சை முடிந்து நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவனும் மனைவியும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி திணறினார்கள். முடிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எதுக்குச் சிரிக்கிற?” என்றதற்கு, “திருடிச் சாப்பிட்ட மாதிரி இருக்குங்க” என்றாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. புதுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமல் இருக்கக் கொடுத்த கேப்சூலுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. கையை நடுங்க வைத்தது. டீ டம்ளரை எடுத்தால் டீ ததும்பியது. லென்ஸ் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்தது. டாக்டரிடம் சொன்னான். அவர் கேப்சூலை நிறுத்தி வேறொரு மாத்திரைக்கு மாற்றினார். இரண்டே மாதத்தில் கை பழையபடி கல்லாக நின்றது. அக்காவிடம் கையை நீட்டிக் காட்டினான். அவள் அந்தக் கையின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்துவிட்டு, “அசையலடா” என்றாள். கண் கலங்கியிருந்தது.

கை நின்றது. ஆனால் அடுத்த ஒரு வருஷத்தில் வேறொன்றும் நின்றுபோனது. ஒரே நாளில் போயிருந்தால் பயந்து ஓடியிருப்பான். குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி மெல்ல மெல்லக் குறைந்தது. முதலில் முடியாமல் போயிற்று. அப்புறம் முடியவில்லையே என்ற வருத்தமும் போயிற்று. மனைவி தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ஜன்னல் கம்பியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். சாயங்காலம் ஆனால் ஒரு அசதி. தினம் மழிக்க வேண்டிய முகத்துக்கு வாரம் இரண்டு தடவை போதுமாக இருந்தது.

கடையின் முன்பக்கத்து விற்பனைக்காரன் வாய்க்குப் பூட்டில்லாத ஆள். “என்னண்ணே, பிளேடு கம்பெனிக்காரன் உங்களைத் தேடிக்கிட்டு வரப்போறான். இழுத்து மூட வெச்சிருவீங்க போல” என்றான் ஒரு நாள். எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். அப்புறம் தடுப்புக்குப் பின்னால் போய், ஓடாத சாணைக்கல்லின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்கச் சட்டைகளைப் புரட்டித் தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அவள் கண்ணுக்கு இது தப்பியிருக்காது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுக்கையில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தலையணையை வைத்தாள். “தூக்கத்துல என் முழங்கை உங்க வயித்துல பட்டுடக் கூடாதுல்ல” என்றாள். சிறுநீரகம் வைத்திருப்பது அடிவயிற்றின் வலப்பக்கம். அவள் படுப்பது இடப்பக்கம். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

ஒரு நாள் அவனே ஆரம்பித்தான். “உனக்கு... கஷ்டமா இல்லையா?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க உசிரோட இருக்கீங்கல்ல, அது போதும்” என்றாள் உடனே. ஆறுதலாகத்தான் சொன்னாள். அவனுக்கோ யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு அக்கா விட வேண்டுமே. மனைவிக்கு விடுப்பு கிடைக்காது என்பதால் பரிசோதனைக்கு எப்போதும் கூட வருகிறவள் அக்காதான். அவனுடைய ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தன் கடையில் நகல் எடுத்து, தேதி வாரியாக ஒரு ஃபைலில் வைத்திருந்தாள். டாக்டர் ஐம்பது வயது அம்மாள், சிரிக்க மாட்டார், ஆனால் முகம் பார்த்துப் பேசுவார். “வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். இவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “ஒண்ணும் இல்ல டாக்டர், ஜம்முனு இருக்கான்” என்பாள். அவளுக்கு அப்படிச் சொல்வதில் ஒரு பெருமை.

ஒரு முறை பரிசோதனைத் தேதியை அக்காவிடம் இரண்டு வாரம் தள்ளிச் சொல்லிவிட்டு, தனியாகப் போனான்.

உள்ளே போய் உட்கார்ந்தான். டாக்டரம்மா கேட்டார்: “என்ன, இன்னைக்கு அக்காவைக் காணோம்?”

“அவங்களுக்கு வேலை, டாக்டர். நான்... ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளுங்க.”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. அவர் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. குழந்தை இல்ல.”

சுற்றி வளைத்தாவது விஷயத்தின் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்தான். டாக்டரம்மா கேள்வி கேட்டார். எழுச்சி வருகிறதா, காலையில் வருகிறதா, ஆசை இருக்கிறதா, முகத்தில் முடி குறைந்திருக்கிறதா? காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரல். அவன் “ஆமா”, “இல்ல” என்று தலையை மட்டும் ஆட்டினான். இரத்தம் எடுத்தார்கள். கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துக் குளியலறையைக் காட்டினார்கள். அந்த அரை மணி நேரத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஆண் ஹார்மோன் ரொம்பக் கம்மியா இருக்கு. விந்தணு ஏறக்குறைய இல்ல. பயப்படாதீங்க, உங்க மேல தப்பில்ல. கை நடுக்கத்துக்காக நாம மாத்தின மாத்திரையோட வேலை இது. எல்லாருக்கும் வராது, சிலருக்கு வரும். நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும்.”

“அப்ப நிறுத்திடலாமா, டாக்டர்?”

“ரெண்டு வழி இருக்கு. நல்லாக் கேட்டுக்குங்க. இப்போதைக்குக் குழந்தை வேணாம், தாம்பத்தியம் மட்டும் சரியாகணும்னா, மாத்திரையைத் தொடவே வேணாம். ஹார்மோன் ஊசி போடலாம். ஆனா அந்த ஊசி விந்தணுவை இன்னும் அமுக்கிடும். குழந்தை வேணும்னா ஊசி கூடாது, மாத்திரையைத்தான் மாத்தணும். திரும்பப் பழைய கேப்சூல். கை நடுங்கும். அளவு சரியா நிக்கிற வரைக்கும் வாரா வாரம் இரத்தம் பார்க்கணும். அதுல அசட்டையா இருந்தா சிறுநீரகத்துக்கு ஆபத்து.” பேனாவை எடுத்துக்கொண்டு, “உங்களுக்கு எது வேணும்?” என்றார்.

அவனுக்கு வேண்டியது ஊசிதான். குழந்தைப் பேச்சை அவன் மனைவி டயாலிசிஸ் நாட்களிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டாள். ‘இந்த உடம்போட நமக்கு இன்னொரு உசிரு வேணாங்க, எனக்குத் தைரியம் இல்ல’ என்று அவள் சொன்னபோது அவனும் சரி என்றவன்தான். இப்போது வாயைத் திறந்து, ‘எனக்குக் குழந்தை வேணாம், மத்தது போதும்’ என்று சொல்ல வேண்டும். ஐந்து வார்த்தை. அக்காவைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன நினைப்பார்? அக்கா கொடுத்த உறுப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு இவனுக்கு இதுதான் கேட்கிறதாக்கும் என்று நினைக்க மாட்டாரா?

“குழந்தைதான் டாக்டர்” என்றான்.

அவர் சீட்டில் அதை எழுதிக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம், “மருந்தை மாத்திக் கொடுத்திருக்காங்க, அவங்களே அப்பப்ப மாத்துவாங்க” என்று மட்டும் சொன்னான். அக்காவிடம் அதுவும் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனைக்கு, “எதுக்குக்கா நீ அலையற? கடையில திட்டு வாங்காத, நானே போய்க்கறேன்” என்றான். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு காலையில் முகத்தைத் தடவியபோது சொரசொரவென்று இருந்தது. அதற்கு அடுத்த மாதம் உடம்பு தானாகவே விழித்துக்கொண்டது. நடுவில் இருந்த தலையணையை அவன்தான் எடுத்துக் கால்மாட்டில் போட்டான். அவள் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை உண்டாகிவிடாமல் அவள் ஜாக்கிரதையாகவே இருந்தாள். ஆனால் சமையலறையில் தனக்குத்தானே ஏதோ முனகிப் பாட ஆரம்பித்திருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவன் இடுப்பில் கிள்ளிவிட்டு ஓடினாள். முப்பத்தொன்பது வயதில் தனக்கு இப்படி ஒரு வாழ்வு வரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

கைதான் நடுங்கியது. முதலில் விரல் நுனியில் இருந்தது மணிக்கட்டு வரை ஏறியது. ஒரு பள்ளி ஆசிரியருக்கு வெளியூரிலிருந்து வரவழைத்த லென்ஸ், கடைசித் தேய்ப்பில் கீறிப் பிளந்தது. மறுபடி வரவழைத்தார்கள். அதுவும் பிளந்தது. முதல் தடவையாக முதலாளியின் குரல் தடுப்பைத் தாண்டி வந்தது. “கையில என்னப்பா வெச்சிருக்க, சுத்தியலா?”

ஊரில் கம்ப்யூட்டர் சாணை வந்துவிட்டது. இவன் கைக்காகத்தான் முதலாளி அதை வாங்காமல் இருந்தார். அது அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி மூன்று கேப்சூல் விழுங்க வேண்டிய இடத்தில் இரண்டை விழுங்கினான். ஒன்றுதானே என்று நினைத்தான். நாலு நாளில் நடுக்கம் தணிந்த மாதிரி இருந்தது. அப்புறம் காலையிலும் ஒன்றைக் குறைத்தான். இரத்தம் பார்த்தால் அளவு குறைந்தது தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, வேலை அதிகம், அடுத்த வாரம் வருகிறேன் என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். கை நின்றது, கட்டிலும் நிறைந்தது. தான் கெட்டிக்காரன் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. அப்படி ஏழு வாரம் ஓட்டினான்.

எட்டாவது வாரம் கால் வீங்கியது. சிறுநீர் குறைந்தது. மனைவிதான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின், ஒன்று புள்ளி ஒன்றில் இருந்தது, மூன்று புள்ளி நாலு ஆகியிருந்தது. ஊசியைக் குத்திச் சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை எதிர்த்து அரிக்க ஆரம்பித்திருந்தது.

டாக்டரம்மா கட்டிலின் பக்கத்தில் நின்று கேட்டார்: “கேப்சூலைக் குறைச்சீங்களா?”

“ஆமா.”

“யாரைக் கேட்டு?”

அவன் சுவரைப் பார்த்தான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் பெரிய பெரிய ஊசிகள் போட்டார்கள். உடம்பின் எதிர்ப்பு அடங்கியது. போனது போனதுதான். கிரியாட்டினின் இரண்டு புள்ளி நாலில் வந்து நின்றுவிட்டது. இனி அது இறங்காது, மெல்ல ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா வந்தாள். முந்தின நாள் ஆஸ்பத்திரித் தாள்களை வழக்கம்போல நகல் எடுக்க வாங்கிப் போனவள், ஃபைலோடு வந்து நின்றாள். உட்காரவில்லை.

“எட்டு மாசத்துக்கு முன்னாடியே மருந்து மாறியிருக்கு. என்கிட்ட இருக்கிற அடுக்குல அந்தத் தாள் இல்ல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“‘குழந்தை வேண்டி மருந்து மாற்றம்’னு டாக்டர் எழுதியிருக்காங்க.” அக்காவின் குரல் சட்டென்று இளகியது. “ஏன்டா மறைச்ச? குழந்தைக்காகன்னா நான் குறுக்க நிப்பேனா? எனக்கு ரெண்டு இருக்குடா. பெத்தவளுக்குத் தெரியாதா அந்த ஏக்கம்? சொல்லியிருந்தா வாரா வாரம் நானே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். இப்படி ஆகியிருக்குமா? சரி, போகட்டும். குழந்தைக்காகத்தானே.”

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு. “குழந்தைக்காகவா?” என்றாள், யாரையும் கேட்காத மாதிரி.

அக்கா தூக்கிக் கொடுத்த சாக்கு எதிரில் கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டால் போதும். அக்கா அழுது முடித்து, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தின் எதிரில் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

“குழந்தைக்காக இல்லக்கா.”

“பின்ன?”

“என்னால... முடியாம இருந்துச்சு. ஒன்றரை வருஷமா. இவகூட... அதுக்குத்தான்.”

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பியிடமிருந்து ஒரு அக்கா கேட்கக் கூடாத பேச்சு அது.

“அதுக்கு இந்த மருந்தை மாத்தித்தான் ஆகணுமா? வேற வழியே இல்லையா?”

“இருந்துச்சு. ஊசி இருந்துச்சு. அதைப் போட்டிருந்தா மருந்தை மாத்தியிருக்கவே வேணாம்.”

“பின்ன ஏன்டா போட்டுக்கல?”

“அதுக்காகன்னு அந்தம்மாகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. குழந்தைக்குன்னு சொல்லிட்டேன்.”

அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவன் அவளிடம் பார்த்ததில்லை. “வெக்கமா? வெக்கத்துலயா என் கிட்னி போச்சு?” என்றாள். “முன்னப்பின்னத் தெரியாத அஞ்சு ஆம்பளைங்க முன்னாடி பொட்டுத் துணி இல்லாம மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன்டா நான். எனக்கு வெக்கம் இல்லையா?”

அவள் ஃபைலை மேசைமேல் வைத்தாள். விட்டுவிட்டே போனாள்.

அவள் போன பிறகு மனைவி கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். “எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு” என்றாள். “சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல. போதும் போதும்னு சொல்லிச் சொல்லி உங்களை இதுல தள்ளிட்டேனோ என்னவோ.”

“உன் தப்பு என்ன இதுல?”

“யார் தப்புன்னு கேக்கலைங்க. ரெண்டு பேரும் வாயைத் திறந்திருக்கலாம்.”

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேப்சூல் முழு அளவுக்கு ஏறியது. சிறுநீரகம் இருக்கிற நிலையில் கை நடுங்காமல் வைத்த அந்த மாத்திரைக்கு இனி போக முடியாது என்றார்கள். கை நிரந்தரமாக நடுங்கியது. கடையில் கம்ப்யூட்டர் சாணை வந்தது. முதலாளி நல்ல மனுஷன், வெளியே அனுப்பவில்லை. முன்பக்கத்தில் உட்கார வைத்து, தயாரான கண்ணாடிகளைப் பெயர் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார். ஆணாக இருப்பதில் இப்போது அவனுக்குக் குறையில்லை. ஆனால் அந்த நினைப்பு தலைகாட்டும்போதெல்லாம், கூடவே ஆஸ்பத்திரிக் கட்டிலும் வந்து நின்றது. மனைவி அவன் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்த கை அவள் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும். பல நாள் அதோடு சரி.

அக்கா நாலு மாதம் வரவில்லை. ஐந்தாவது மாதம் புருஷனோடும் ஒரு பெரியம்மாவோடும் வந்தாள். வந்தவர்களிடம் அவள் என்ன சொல்லியிருந்தாள் என்பது பெரியம்மா உட்கார்ந்ததுமே தெரிந்துபோயிற்று.

“பாவம்ப்பா நீ. ஒரு குழந்தை வேணும்னு ஆசைப்பட்டு இப்படி ஆயிடுச்சே” என்று அவன் முதுகைத் தடவிய பெரியம்மா, மனைவியின் பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லக் கூடாதாம்மா? பொம்பளை கொஞ்சம் மனசை அடக்கியிருந்தா அவன் உடம்பு தப்பிச்சிருக்குமே. உனக்கு அவ்வளவு அவசரமா?” என்றாள்.

அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் மானத்தை மூடத்தான் அந்தப் பொய்யை அவள் எடுத்திருந்தாள். அவன்மேல் போர்த்திய அந்தத் துணி யார் மேலிருந்து உரிந்து வந்தது என்பது இப்போதுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவன் எழுந்தான். “பெரியம்மா, அது அப்படி இல்ல...” என்று ஆரம்பித்தான்.

மனைவி முந்திக்கொண்டாள். “ஆமா பெரியம்மா. எனக்குத்தான் ஆசை” என்றாள். குரல் பிசிறவில்லை. “உக்காருங்க, டீ போடறேன்.”

அவள் உள்ளே போனாள். அவன் நின்றபடியே இருந்தான். அக்காவின் புருஷன் அவனைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தான்.